கம்பெனி செத்தா வீடும் சாகணுமா?

மக்களே, இந்தப் பக்கம் வந்து ரொம்ப நாளாச்சு. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. வீட்டுக்கு வந்தா அங்கேயும் ஆணி. ஸ்மார்ட் பல்பு, ஸ்மார்ட் ப்ளக், ஏசி, தண்ணி மோட்டார் இதையெல்லாம் ஒரே இடத்துல இருந்து ஆட்டி வைக்கறதுக்கு பைத்தான்ல ஒரு லைப்ரரி எழுதிக்கிட்டு இருக்கேன். ராத்திரி பத்து மணிக்கு மேல பொட்டி தட்டுற பொழுதுபோக்கு. காசு வராது, தங்கமணிகிட்ட திட்டு வரும். :-)

உங்கள்ல சிலரும் இதே வேலையைப் பார்க்கறீங்கன்னு தெரியும். சிலர் எழுதி வெளியிட்டதை எடுத்துப் படிச்சும் பார்த்தேன். எல்லாருமே "மாடுலரா எழுதியிருக்கேன்"னுதான் சொல்றாங்க. ஆனா எதுக்காக அப்படிப் பிரிக்கறோம்னு கேட்டா, "அப்பதான் கோடு சுத்தமா இருக்கும்"னு பதில் வருது. எனக்கு அதுல உடன்பாடு இல்லை. அதான் இந்தப் பதிவு. பொட்டி தட்டாதவங்களும் தைரியமா படிக்கலாம். விஷயம் கோடைப் பத்தினதை விட வீட்டைப் பத்தினது.

என் கட்சி இதுதான். லைப்ரரியைத் துண்டு துண்டா பிரிக்கறது பல்பு செஞ்ச கம்பெனி செத்தாலும் வீடு சாகாம இருக்கறதுக்காக. அதனால எது முதல்ல சாகும்னு பார்த்து அந்த இடத்துலதான் கத்தி வைக்கணும். சுத்தம் தானா வரும்.

"கம்பெனி எல்லாம் சாகுமா? சும்மா பயமுறுத்தாதீங்க"ன்னு சொல்றவங்களுக்குக் கொஞ்சம் சரித்திரம்.

ரிவால்வ்னு ஒரு ஹப். அமெரிக்காவுல 300 டாலர் விலை. 2014 அக்டோபர்ல கூகுளோட நெஸ்ட் அந்தக் கம்பெனியை வாங்குச்சு. 2016 மே மாசம் சர்வரை மூடிட்டாங்க. பெட்டிக்கு ஒரு கோளாறும் இல்லை. ஆனா அன்னையில இருந்து அது வெறும் டப்பா. லோவ்ஸ் கடைக்காரங்க நடத்தின ஐரிஸ் 2019 மார்ச் 31-ஓட முடிஞ்சுது. இன்ஸ்டியான் கதை இன்னும் மோசம். 2022 ஏப்ரல்ல சொல்லாம கொள்ளாம சர்வர் நின்னு போச்சு. ரெண்டு மாசம் கழிச்சு வாடிக்கையாளர்கள்லயே சிலர் சேர்ந்து அந்தக் கம்பெனியை வாங்கித் திரும்ப உயிர் கொடுத்தாங்க. கராஜ் கதவு செய்யற சேம்பர்லெய்ன் சாகவே இல்லை, நல்லாத்தான் இருக்கு. ஆனா 2023-ல வெளியாளுங்க மென்பொருள் எதுவும் தன்னோட சர்வர்ல நுழையக் கூடாதுன்னு அடைச்சுட்டாங்க. அந்த டிசம்பர்லயே ஹோம் அசிஸ்டன்ட்ல இருந்து அந்த இணைப்பைத் தூக்க வேண்டியதாப் போச்சு. பெல்கின் கம்பெனி தன்னோட வீமோ சாதனங்கள் பலதுக்கும் 2026 ஜனவரி 31-ஓட ஆதரவு முடியும்னு 2025 ஜூலையில அறிவிச்சுது.

இதுல ரெண்டு கதையைக் கொஞ்சம் உத்துப் பாருங்க.

இன்ஸ்டியான் சர்வர் நின்ன அன்னிக்கு எல்லார் வீடும் இருண்டு போகலை. வீட்டுக்குள்ள ஒரு கம்ப்யூட்டர்ல திறந்தமூல மென்பொருளைப் போட்டு, நேரா மோடம் மாட்டி ஓட்டிக்கிட்டு இருந்தவங்க வீட்டுல விளக்கு வழக்கம்போல எரிஞ்சுது. வீமோவுலயும் அப்படித்தான். ஆப்பிளோட ஹோம்கிட்ல முன்னாடியே சேர்த்து வெச்சவங்களுக்கு சாதனம் தொடர்ந்து வேலை செய்யும்னு கம்பெனியே சொல்லுச்சு, ஏன்னா அந்தப் பேச்சு வார்த்தை வீட்டுக்குள்ளேயே நடக்குது. ஒரே சாதனம், ஒரே ஃபேக்டரி. ஒரு வீட்டுல உயிரோட இருக்கு, பக்கத்து வீட்டுல குப்பை. வித்தியாசம் எந்தக் கதவு வழியா அதோட பேசினோம்ங்கறதுல மட்டும்தான்.

எங்க வீட்டுக் கதையும் ஒண்ணு உண்டு. அப்பா அம்மா திருநெல்வேலியில இருக்காங்க. வாசல்ல ஆள் நடமாட்டம் தெரிஞ்சா விளக்கு எரியற மாதிரி ஒரு கம்பெனி சாமான் வாங்கி மாட்டியிருந்தோம் (பேர் வேணாம், எல்லாக் கம்பெனியும் ஒரே குட்டையில ஊறின மட்டைதான்). ரோடு தோண்டினவங்க நெட் கேபிளை அறுத்துட்டாங்க. மூணு நாள் நெட் இல்லை. மூணு நாளும் வாசல் விளக்கு தானா எரியலை. சென்சார் நம்ம வாசல்ல, பல்பு நம்ம வாசல்ல, நடுவுல நாலடி தூரம். அப்பா போன்ல கேட்டாரு: "ஏல, வாசல் லைட்டு எரியணும்னா அமெரிக்காவுக்கு தந்தி அடிக்கணுமோ?" பதில் சொல்ல முடியலை. வயசானவங்க ராத்திரி இருட்டுல படி இறங்கற வீடு அது. இந்த விஷயத்துல நான் இவ்வளவு சூடா பேசறதுக்குக் காரணம் அதுதான்.

சரி, மேட்டருக்கு வருவோம். கத்தியை எங்க வைக்கறது?

இதுக்கு ரொம்பப் பழைய பதில் ஒண்ணு இருக்கு. டேவிட் பார்னாஸ்னு ஒருத்தர் 1972 டிசம்பர்ல ஒரு கட்டுரை எழுதினார், நிரலை எந்த அடிப்படையில பிரிக்கணும்னு. எல்லாரும் வேலை நடக்கற வரிசைப்படி பிரிப்பாங்க: முதல்ல படி, அப்புறம் அடுக்கு, அப்புறம் அச்சடி. அவர் சொன்னது வேற. பின்னாடி மாற வாய்ப்பிருக்கிற ஒவ்வொரு முடிவையும் கண்டுபிடி, ஒவ்வொண்ணையும் ஒரு மாடுலுக்குள்ள ஒளிச்சு வை, மத்தவனுக்கு அது தெரியவே கூடாது. அம்பது வருஷம் ஆன கட்டுரை. ஸ்மார்ட் வீட்டுக்குன்னே எழுதின மாதிரி இருக்கும்.

நம்ம வீட்டுல மாறக்கூடிய முடிவு எது? "வாசல்ல விளக்கு வேணும்"ங்கறது மாறாது. அந்த விளக்கு எந்தக் கம்பெனிங்கறது மாறும்.

ஆனா நான் படிச்ச கோடு பலதுலயும் எப்படி இருக்கு தெரியுமா? விளக்கைப் போடற ஃபங்ஷனுக்குள்ள போனா, "இது ஹ்யூவா? அப்ப இப்படிச் செய். டூயாவா? அப்ப அப்படிச் செய்"னு வரிசையா கேள்வி. அணைக்கிற ஃபங்ஷன்லயும் அதே கேள்வி. வெளிச்சம் கூட்டறதுல, டைமர்ல, எல்லாத்துலயும். இருபது இடத்துல கம்பெனி பேரு. ஃபைலை நாலாப் பிரிச்சா மட்டும் இது மாடுலர் ஆயிடாது. நாளைக்கு ஒரு கம்பெனி கதவைச் சாத்தினா இருபது இடத்துல ஆபரேஷன் பண்ணணும்.

என் லைப்ரரியில நாலு அடுக்கு வெச்சிருக்கேன். மேல விதிகள்: "ஆறரைக்கு வாசல் விளக்கைப் போடு" மாதிரி. அதுக்குக் கீழ திறன்கள்: போடு-அணை, அளவு, நிறம், அளவீடு. அதுக்குக் கீழ டிரைவர்கள்: ஒவ்வொரு கம்பெனி பாஷைக்கும் ஒண்ணு. எல்லாத்துக்கும் அடியில பாதை: வைஃபையா, ஜிக்பீயா, எம்க்யூடிடியான்னு. சட்டம் ஒண்ணே ஒண்ணுதான். கம்பெனி பேரு டிரைவர் அடுக்கைத் தாண்டி மேல வரக் கூடாது. ஒரு டிரைவருக்கு இன்னொரு டிரைவர் இருக்கறதே தெரியக் கூடாது.

ரெண்டாவது அடுக்குல "பல்பு", "ப்ளக்", "ஃபேன்"னு சாதனங்களை வைக்காம திறன்களை வெச்சதுக்கும் காரணம் இருக்கு. மின்சாரம் அளக்கற ப்ளக்னா போடு-அணை, அளவீடு ரெண்டும் சேர்ந்தது. நம்ம ஊர் சீலிங் ஃபேன்ல விளக்கும் சேர்ந்து வருது. அது ரெண்டு போடு-அணை, ஒரு அளவு. சாதனத்துக்கு ஒரு கிளாஸ்னு எழுதப் போனா, கடைக்காரன் புதுசா ஒரு ஒட்டுச் செடியைக் கொண்டு வரும்போதெல்லாம் நாமளும் புதுசா ஒண்ணு எழுதணும். திறனா வெச்சா இருக்கறதையே சேர்த்துக் கட்டிக்கலாம்.

அடுத்தது அளவு. இது சின்ன விஷயம் மாதிரி தெரியும், ஆனா லைப்ரரி நாறறது இங்கதான். ஹ்யூவோட பழைய முறையில வெளிச்சம் 1-ல இருந்து 254 வரைக்கும். டூயா பல்புகள் பலதுல 10-ல இருந்து 1000. ஹோம் அசிஸ்டன்ட் உள்ளே 0-255 வெச்சிருக்கு. இன்னொருத்தன் நூத்துக்கு இத்தனைங்கறான். வெள்ளை நிறத்தைச் சிலர் கெல்வின்ல சொல்றாங்க, சிலர் மயர்டுல. பத்து லட்சத்தைக் கெல்வினால வகுத்தா மயர்டு. 2700 கெல்வின்னா சுமார் 370 மயர்டு. கெல்வின் ஏற ஏற மயர்டு இறங்கும், அதனால கலந்து விட்டா படுக்கையறையில ஆபரேஷன் தியேட்டர் வெளிச்சம் வரும். லைப்ரரிக்குள்ள ஒரே ஒரு அளவு முறைதான் இருக்கணும்ங்கறது என் பிடிவாதம். என் வீட்டுல வெளிச்சம்னா 0-100, நிறம்னா கெல்வின். மாத்தற கணக்கெல்லாம் டிரைவர் வாசல்லயே முடிஞ்சுடணும், உள்ள வரக் கூடாது.

அடுத்து, நான் ரொம்ப முக்கியம்னு நினைக்கிற ஒரு வார்த்தை: "தெரியாது".

பழைய ஏசியை அகச்சிவப்பு ரிமோட் வழியா ஓட்டறோம். லைப்ரரி "போடு"ன்னு சிக்னல் அடிக்கும். ஏசி கேட்டுச்சா இல்லையான்னு திரும்பச் சொல்றதுக்கு அதுக்கு வாய் கிடையாது. நடுவுல அம்மா கை ரிமோட்ல அணைச்சிருப்பாங்க. இப்ப ஏசி ஓடுதான்னு கேட்டா நேர்மையான பதில் "தெரியாது"தான். ஆனா பல லைப்ரரிகள்ல ஆம்-இல்லைன்னு ரெண்டே பதிலுக்குத்தான் இடம். அப்ப கடைசியா அனுப்பின கட்டளையையே உண்மைன்னு சொல்லிடும். அதைப் பொய்னுதான் சொல்வேன். நாம கேட்ட நிலை, சாதனம் சொன்ன நிலை, எப்ப சொன்னது: இந்த மூணையும் தனித்தனியா வெச்சுக்கணும். ஹோம் அசிஸ்டன்ட்ல இதுக்குன்னே "அனுமான நிலை"ன்னு ஒரு வகை உண்டு. சரித்திரத்துல பார்த்தாலும் இந்தத் தலைவலி புதுசு இல்லை. 1975-ல வந்த எக்ஸ்10-ல வீட்டு கரண்ட் கம்பி வழியாவே கட்டளை போகும், 256 விலாசம் வரைக்கும் வெச்சுக்கலாம். ஆரம்பகால சாமான்கள்ல பதில் மட்டும் வராது.

இதோட ஒட்டின இன்னொரு விஷயம், தண்ணி மோட்டார். பல்பு எரிஞ்சுக்கிட்டே இருந்தா கரண்ட் பில்லோட போச்சு. மோட்டார் ஓடிக்கிட்டே இருந்தா தொட்டி வழியும், கீழே சம்ப் காலியானா மோட்டாரே கருகும். "போடு"ன்னு சொன்ன நிமிஷமே நெட்டோ, நம்ம நிரலோ, அது ஓடற குட்டிக் கம்ப்யூட்டரோ படுத்துட்டா "நிறுத்து" போய்ச் சேராது. அதனால என் லைப்ரரியில மோட்டாருக்கு வெறும் "போடு" கிடையாது. "20 நிமிஷத்துக்குப் போடு" மட்டும்தான் உண்டு. அந்த 20 நிமிஷத்தை எண்ணறதும் லைப்ரரி இல்லை, மோட்டார் பக்கத்துல இருக்கிற ரிலே. டாஸ்மோட்டா மாதிரி திறந்தமூல ஃபர்ம்வேர்ல இதுக்கு 'பல்ஸ்டைம்'னு ஒரு வசதி இருக்கு. குறிச்ச நேரம் ஆனா தானே அணைஞ்சுக்கும், யாரையும் கேட்காது. எது உயிர் விஷயமோ, அதோட புத்தி அதுக்குப் பக்கத்துலயே இருக்கணும். (குட்டி ரிலேல மோட்டாரை நேரா மாட்டாதீங்க சாமி. கான்டாக்டர் வெச்சு, எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் செய்யுங்க.)

டிரைவர்கள் எழுதறதுல இன்னும் ரெண்டு பழக்கம். ஒரு டிரைவர் பதில் வராம தொங்கினா மத்த வீடு தொங்கக் கூடாது. ஒவ்வொரு கட்டளைக்கும் காலக்கெடு வேணும். அப்புறம் ஒவ்வொரு டிரைவரும் நெத்தியில ஒரு பொட்டு வெச்சுக்கணும்: நான் வீட்டுக்குள்ளயே பேசறேனா, இல்லை வெளி சர்வருக்குப் போறேனான்னு. ஹோம் அசிஸ்டன்ட் ஒவ்வொரு இணைப்புக்கும் இந்த வகையை வெளிப்படையா எழுதி வைக்குது. கடைக்குப் போகறதுக்கு முன்னாடி அதைப் பார்த்துட்டுப் போனா பாதி வயித்தெரிச்சல் மிச்சம்.

இப்ப வழக்கமான ரெண்டு கேள்விக்கு வர்றேன்.

முதல் கேள்வி: "ஹோம் அசிஸ்டன்ட் 2013-ல இருந்து இருக்கு, ஓப்பன்ஹேப் 2010-ல இருந்து இருக்கு. நீங்க எதுக்குத் தனியா சக்கரம் செய்யறீங்க?" நியாயமான கேள்வி. ஆனா ஹோம் அசிஸ்டன்ட்டோட ஒரு விதியைப் பாருங்க. ஒரு சாதனத்தோட பேசற கோடை நேரா அதுக்குள்ள எழுத விட மாட்டாங்க. அதைத் தனிப் பைத்தான் பொதியா வெளியிட்டு, அதைக் கூப்பிடற மெல்லிய இணைப்பை மட்டும்தான் உள்ள வைக்கலாம். டிபி-லிங்க் சாதனங்களுக்குப் பைத்தான்-காசா, சோனோஸ் ஸ்பீக்கருக்கு சோகோ, குரோம்காஸ்ட்டுக்குப் பைகுரோம்காஸ்ட்னு எல்லாம் அப்படித் தனியா நிக்கற செங்கல்லுங்க. ஹோம் அசிஸ்டன்ட் இல்லாமலும் நீங்களோ நானோ எடுத்துப் பயன்படுத்தலாம். நான் சொல்றதும் இதைத்தான். முழு வீடு கட்டணும்னு எல்லாரும் கிளம்ப வேணாம். ஒரு நல்ல செங்கல் அறுத்துக் கொடுங்க. உங்க கையில இருக்கிற, யாரும் எழுதாத ஒரு சாதனத்துக்கு ஒரு டிரைவர். உங்களுக்கு அலுத்துப் போனாலும் இன்னொருத்தர் சுவத்துல அது நிக்கும்.

ரெண்டாவது கேள்வி: "மேட்டர் வந்தாச்சே, இனிமே இதெல்லாம் எதுக்கு?" ஆப்பிள், கூகுள், அமேசான், சாம்சங் எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து 2022 அக்டோபர்ல மேட்டர் 1.0 வெளியாச்சு. எனக்கு அது மேல மரியாதை உண்டு. வீட்டுக்குள்ளேயே பேசும். ஒரே சாதனத்தை ரெண்டு மூணு கம்பெனி ஆப்ல ஒரே நேரத்துல சேர்க்கலாம். அதோட உள் அமைப்பும் சாதனப் பேரை வெச்சு இல்லாம, போடு-அணை, அளவுன்னு திறன் திறனா கட்டினதுதான். ஆனா அப்பா வீட்டுப் பழைய ஏசிக்கு மேட்டர் தெரியாது. ஏற்கெனவே வாங்கி மாட்டின பல்புக்கும் தெரியாது. கம்பெனிக்காரன் தனக்குன்னு வெச்சிருக்கிற விசேஷ வசதிகளும் பல சமயம் அவன் ஆப்லயே தங்கிடுது. என்னைப் பொறுத்தவரைக்கும் மேட்டர் இன்னொரு டிரைவர். நல்ல டிரைவர். ஆனா வீட்டோட அஸ்திவாரமா அதையும் வைக்க மாட்டேன். எக்ஸ்10-ஐயும் ஒரு காலத்துல அஸ்திவாரம்னு நினைச்சவங்க இருந்தாங்க.

என் கட்சிக்கு எதிரா ஒரு நல்ல வாதம் இருக்கறதையும் ஒத்துக்கறேன். எல்லாத்தையும் பொதுத் திறனா மாத்தினா, காசு கொடுத்து வாங்கின நல்ல பல்பும் மட்டமான பல்பு மாதிரிதான் நடந்துக்கும். உண்மைதான். அதுக்காக ஒரு சின்னப் பின்வாசல் வெச்சிருக்கேன். விசேஷ வசதி வேணும்னா டிரைவரை நேராப் பேர் சொல்லிக் கூப்பிடலாம், ஆனா கூப்பிடற விதி "இது இந்தக் கம்பெனியை நம்பி இருக்கு"ன்னு தன் மேல எழுதி வெச்சுக்கணும். என் வீட்டுல அப்படி மூணே விதிதான் இருக்கு. மூணும் கலர் கலரா விளக்கு மின்னற தீபாவளி சமாச்சாரம். நாளைக்கே அந்தக் கம்பெனி போனாலும் யாரும் படியில தடுக்கி விழப் போறதில்லை.

லைப்ரரி எழுதற நண்பர்களுக்குக் கடைசியா ஒரு பரீட்சை. ஒரு ஞாயித்துக்கிழமை ரவுட்டர்ல வெளி நெட் வயரை மட்டும் புடுங்குங்க. வீட்டுல எது எது நிக்குதுன்னு எழுதுங்க. அப்புறம் லைப்ரரியில ஏதோ ஒரு டிரைவர் ஃபோல்டரை மொத்தமா அழிச்சுட்டு ஓட்டிப் பாருங்க. அந்தக் கம்பெனி சாமான் மட்டும் "தெரியாது"ன்னு சொல்லி, மத்த வீடு நடந்துக்கிட்டே இருந்தா நீங்க எழுதினது மாடுலர். மொத்தமும் படுத்துட்டா, ஃபைல் நாப்பது இருந்தாலும் அது ஒரே கல்லுதான்.

செஞ்சு பார்த்துட்டு பின்னூட்டத்துல சொல்லுங்க. திட்டறதுன்னாலும் திட்டலாம், ஆனா டிரைவர் ஒண்ணு எழுதிட்டு வந்து திட்டுங்க. :-)

கொசுறு: பைத்தான் 3-ல மாறிகளுக்கும் ஃபங்ஷன்களுக்கும் தமிழ்லயே பேர் வைக்கலாம். என் விதிகள் ஃபைல்ல "வாசல்_விளக்கு.போடு()"ன்னுதான் இருக்கு. கம்பெனி பேரு அங்க எட்டிப் பார்த்தா உடனே கண்ணுல படும்ங்கறது கூடுதல் லாபம்.